6 சென்டிமீட்டருக்கு ஏன் 3 ஆண்டுகள்?

ஈட்டி எறியும் நீரஜ் சோப்ராவின் கணக்கை மட்டும் கொஞ்சம் எடுத்துப் பார்ப்போம். 2016 ஜூலையில், 18 வயதில், 86.48 மீட்டர் எறிந்து 20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலக சாதனை படைத்தார். 2018 ஆசிய விளையாட்டில் 88.06. 2022 ஜூனில் ஸ்டாக்ஹோமில் 89.94. 90 மீட்டர் கோட்டுக்கு இன்னும் 6 சென்டிமீட்டர்தான் பாக்கி. ஒரு தீப்பெட்டியின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே.

அந்தத் தீப்பெட்டியைத் தாண்ட அவருக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. 2025 மே மாதம் தோஹாவில் 90.23 எறிந்தார். அன்றைக்கென்று பார்த்து ஜெர்மனியின் ஜூலியன் வெபர் 91.06 எறிய, நீரஜுக்குக் கிடைத்தது இரண்டாம் இடம். நடுவில் அவர் சும்மாவும் இருக்கவில்லை. 2023இல் உலக சாம்பியன் ஆனார், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். உலகின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர், தேர்ந்த பயிற்சியாளர்கள், முழுநேரப் பயிற்சி. அப்படி இருந்தும் 6 சென்டிமீட்டர் அவ்வளவு நாள் போக்குக் காட்டியது.

"மூணு மாசமா ஓடுறேன், டைமிங் குறையவே மாட்டேங்குது" என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருவர் அலுத்துக்கொள்ளும்போது எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும். "பொறுமையாக இரு" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஏன் பொறுமையாக இருக்க வேண்டும், எவ்வளவு நாள், அந்த நாட்களில் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. காரணம் தெரியாத பொறுமை இரண்டு வாரம்கூடத் தாங்காது.

சரி, காரணத்துக்குப் போவோம். அதற்கு முன் ஒரு சின்னப் பிரிவினை.

பொறுமை, விடாமுயற்சி என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். மைதானத்தில் பார்த்தால் இரண்டுக்கும் வேலை வேறு. தூறல் விழும் காலையில் போர்வையை விலக்கி ஷூவை மாட்ட வைப்பது விடாமுயற்சி. கோச் எட்டுச் சுற்று என்று சொல்லியிருந்தால், கால் இன்னும் துடிப்பாக இருந்தாலும் எட்டோடு நிறுத்தி வீட்டுக்கு அனுப்பி வைப்பது பொறுமை. ஆர்வத்தோடு விளையாட வரும் பிள்ளைகளிடம் முதலாவதுக்குப் பெரிய பஞ்சம் இருப்பதில்லை. அவர்கள் சறுக்குவது இரண்டாவதில்தான் என்று நான் நினைக்கிறேன். அதனால் இங்கே அதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

உடம்பின் காலண்டர்

பயிற்சி செய்யும் நேரத்தில்தான் உடம்பு வலுவாகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த நேரத்தில் நடப்பது தேய்மானம். கடுமையாக ஓடி முடித்தவரை உடனே மறுபடி ஓடச் சொல்லிப் பாருங்கள். முன்னைவிட மெதுவாகத்தான் ஓடுவார். தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்பட்டிருக்கும், சேர்த்து வைத்த சக்தி தீர்ந்திருக்கும், நரம்புகள் களைத்திருக்கும்.

அப்புறம் சாப்பாடு, ஓய்வு, தூக்கம். அப்போதுதான் பழுது பார்க்கும் வேலை தொடங்குகிறது. உடம்பு பழைய அளவுக்குச் சரிசெய்துவிட்டு நிறுத்திக்கொள்வதில்லை. அடுத்த முறை இதே சுமை வந்தால் தாங்க வேண்டுமே என்று கொஞ்சம் கூட்டியே கட்டி வைக்கிறது. அந்தக் கூடுதல் கொஞ்சத்தைத்தான் நாம் முன்னேற்றம் என்கிறோம். அது கட்டி முடிவதற்குள் மறுபடி மறுபடி கடுமையாக உழைத்தால், காயாத சுவர்மேல் அடுத்த வரிசைச் செங்கல்லை ஏற்றிய கதையாகும். வளரும் வயதில் தூக்கத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது இதனால்தான். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. ராத்திரி ஒரு மணி வரை போனைப் பார்த்துவிட்டு, ஐந்து மணிக்கு எழுந்து மைதானத்துக்கு ஓடுவதை விடாமுயற்சிக் கணக்கில் எழுத முடியாது. தூக்கத்தைத் தியாகம் செய்தேன் என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அடுத்து வருவதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. உடம்பின் எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் காலண்டர் உண்டு.

முதலில் மாறுவது நரம்பு. எடை தூக்கும் பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் பலம் வேகமாகக் கூடும். ஆனால் கையைச் சுற்றி டேப் வைத்து அளந்தால் அளவு மாறியிருக்காது. ஏற்கெனவே இருக்கும் தசை நார்களில் அதிகமானவற்றை ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்க மூளை கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஓடுபவர்களுக்கும் இப்படி ஒரு விரைவான பரிசு கிடைக்கும். இரண்டு வாரத்துக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடுவதால், முன்பு மூச்சு வாங்கிய தூரம் கொஞ்சம் எளிதாகும்.

தசை அதற்கு அடுத்தது. பருமன் கண்ணுக்குத் தெரிய ஒன்றரை, இரண்டு மாதமாவது பிடிக்கும்.

தசையை எலும்போடு கட்டிப் பிடிக்கும் தசைநாண்கள் இன்னும் மந்தம். அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆகவே மாற்றமும் மாதக் கணக்கில்தான். எலும்பின் கதை இன்னும் விசித்திரமானது. புதிய சுமை வந்ததும் எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்து எடுக்கும், பிறகுதான் புதியதை வைத்துக் கட்டும். ஒரு சின்ன இடத்தில் இந்த வேலை முடியவே மூன்று, நான்கு மாதங்களோ அதற்கு மேலோ ஆகும். கரைத்து முடித்து, கட்டுவதற்கு முந்தைய இடைவெளியில் அந்த இடம் முன்பைவிட மென்மையாக இருக்கும்.

நெடுந்தூரம் நடந்த சிப்பாய்களின் பாதங்கள் வலியோடு வீங்குவதை 1855இலேயே ஒரு பிரஷ்ய ராணுவ மருத்துவர் எழுதி வைத்தார். அது எலும்பில் விழுந்த விரிசல் என்பது எக்ஸ்ரே வந்த பிறகுதான் தெரிந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்த விரிசல் பெரும்பாலும் பயிற்சியின் தொடக்க வாரங்களிலேயே வருகிறது.

இப்போது இந்தக் காலண்டர்களை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயிற்சி தொடங்கி ஒன்றரை மாதம் ஆகியிருக்கிறது. மூச்சு சீராகிவிட்டது, தசை துடிப்பாக இருக்கிறது, மனசு பறக்கிறது. எல்லாம் சேர்ந்து "போகலாம், போகலாம்" என்கின்றன. எலும்பும் தசைநாணும் மட்டும் பாதி வேலையில் நிற்கின்றன. எலும்புக்கு வாய் கிடையாது, விரிசல் விட்டால்தான் பேசும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மிக்குச் சரி. முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு நகராது, உடையும்.

பொறுமை வேண்டும் என்று சொல்வதன் முதல் அர்த்தம் இதுதான்: உடம்பில் மிக மெதுவாக மாறும் உறுப்பு வந்து சேரும் வரை வேகமாக மாறும் உறுப்புகளைப் பிடித்து வைப்பது.

டைமிங் அசையாமல் நிற்கும் நாட்கள்

முதல் மாதத்தில் கிடைக்கும் அந்த விரைவான பரிசு ஒரு வகையில் ஏமாற்று. 100 மீட்டர் ஓட 16 வினாடி எடுத்துக்கொண்டவர் சில வாரங்களில் 15க்கு வந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதே வேகத்தில் போனால் அடுத்த வருடம் உலக சாதனை என்று மனசு கணக்குப் போடும். அப்புறம் 14.8இல் வந்து வண்டி நின்றுவிடும். ஒரு மாதம், இரண்டு மாதம், அசையாது. நிறையப் பேர் விளையாட்டை விட்டுப் போவது இந்த இடத்தில்தான். தங்களுக்குத் திறமை இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எளிதாகக் கிடைக்க வேண்டியது கிடைத்து முடிந்தது, இனி வருவது மெதுவாக வரும் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை.

மேலே போகப் போக அளவுகோல் சின்னதாகிக்கொண்டே போகும். கோலூன்றித் தாண்டும் செர்கெய் புப்கா, திறந்தவெளி உலக சாதனையை 17 முறை உயர்த்தினார். 1984இல் 5.85 மீட்டர், 1994இல் 6.14 மீட்டர். பத்து ஆண்டுகள், 17 சாதனைகள், முதலாவதுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் 29 சென்டிமீட்டர். (ஒவ்வொரு சாதனைக்கும் பரிசுத்தொகை உண்டு, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார் என்றும் சொல்வார்கள். இருக்கட்டும். ஒரு சென்டிமீட்டர் கூட்டினாலும் தாண்ட வேண்டியது உலகில் யாருமே தாண்டாத உயரம்தானே.)

நின்றுபோவதைவிடக் கலங்கடிக்கும் இன்னொரு கட்டம் உண்டு. பழகிய முறையை மாற்றும்போது ஆட்டம் பின்னால் போகும். டைகர் உட்ஸ் 1997இல், 21 வயதில், மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை 12 ஸ்ட்ரோக் (அடி) வித்தியாசத்தில் வென்றார். அப்படி ஒரு வெற்றிக்குப் பிறகு அவர் செய்த காரியம், தன் ஸ்விங்கை, அதாவது மட்டையை வீசும் முறையைப் பிரித்துப்போட்டுப் புதிதாகக் கட்டியது. 1998இல் அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் தொடரான பிஜிஏ டூரில் அவருக்கு ஒரே ஒரு வெற்றி. ஆள் காலி என்று பேச்சு எழுந்தது. 1999இல் 8 வெற்றி, 2000இல் 9.

ஏன் முதலில் மோசமாகிறது? பழைய அசைவு யோசிக்காமலே வருகிறது. புதியதை ஒவ்வொரு முறையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. யோசித்துக்கொண்டே ஓடினால், எறிந்தால், அடித்தால் கை கால் தடுமாறத்தான் செய்யும். புதியதும் யோசிக்காமல் வரும் வரைக்கும் ஸ்கோர் குறையும். கோச் உங்கள் ஸ்டார்ட்டையோ பந்து பிடிக்கும் முறையையோ மாற்றச் சொல்லி, அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு போட்டியில் தோற்றால், மாற்றம் தப்பு என்று அதற்குள் முடிவு கட்ட வேண்டாம். சில மாதங்கள் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

டிக் ஃபாஸ்பரியைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க மனம் வரவில்லை. உயரம் தாண்டுதலில் மற்றவர்கள் செய்த முறை பள்ளி வயதில் அவருக்கு வரவே இல்லை. அதைவிடப் பழைய, எல்லோரும் கைவிட்ட முறைக்குத் திரும்பினார். தாண்டித் தாண்டிப் பார்த்ததில் முதுகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, கடைசியில் முதுகைக் கீழே காட்டிக் குறுக்குக்கம்பியைத் தாண்டும் முறையாக அது மாறியது. 16 வயதில் தொடங்கியது, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டரும் தங்கமுமாக முடிந்தது. நடுவில் அவரைப் பழைய வழிக்குத் திருப்பக் கல்லூரிக் கோச்சும் முயன்றிருக்கிறார். இன்று உயரம் தாண்டும் வீரர்கள் ஏறத்தாழ எல்லோரும் அவர் பாணியில்தான் தாண்டுகிறார்கள்.

பக்கத்தில் ஓடுபவர் ஒரு வருடம் மூத்த உடம்போடு ஓடுகிறார்

12 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் தங்களை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட வீணான வேலை கிடையாது. காரணம் எளிது. ஒரே வயது என்பதால் உடம்பும் ஒரே வயதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. மிக வேகமாக வளரும் கட்டம் பெண் பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டியும் வரும். இது சராசரி மட்டுமே. ஒருவருக்கு இரண்டு வருடம் முன்னால் வரலாம், இன்னொருவருக்கு இரண்டு வருடம் பின்னால். 14 வயதுப் போட்டியில் ஜெயிப்பவர் பல சமயம் சீக்கிரம் வளர்ந்தவர்.

பிறந்த மாதம்கூடக் கணக்கில் வரும். ஜனவரி 1ஐ வைத்து வயதுப் பிரிவு பிரித்தால், ஜனவரியில் பிறந்தவர் டிசம்பரில் பிறந்தவரைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தவர். கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த நாட்களை 1980களில் ஆராய்ந்தபோது, வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாக இருந்தது தெரியவந்தது. பிறகு கால்பந்து போன்ற மற்ற ஆட்டங்களிலும் இதையே பார்த்தார்கள்.

கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானைப் பள்ளி அணியிலிருந்து விரட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. நடந்தது அவ்வளவு நாடகம் இல்லை. 1978இல் முதன்மை அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை, ஜூனியர் அணியில் ஆடச் சொன்னார்கள். அப்போது அவர் உயரம் சுமார் 178 சென்டிமீட்டர். அவர் வகுப்பில் முதன்மை அணிக்குத் தேர்வான பையன் அவரைவிட மிக உயரமானவன். ஜோர்டான் ஜூனியர் அணியில் ஆடினார், பயிற்சியைத் தொடர்ந்தார். உடம்பும் தன் வேலையைச் செய்தது. பிற்காலத்தில் அவர் உயரம் 198 சென்டிமீட்டர். அந்த 20 சென்டிமீட்டரை எந்தப் பயிற்சியாலும் கொண்டுவந்திருக்க முடியாது. அது வந்து சேரும் நாளில் கையில் ஆட்டம் தயாராக இருந்தது என்பதே விஷயம்.

வேகமாக வளரும் அந்த மாதங்களில் இன்னொரு குழப்பமும் வரும். கை கால் நீண்டுவிட்டது மூளைக்கு இன்னும் பழகியிருக்காது. நேற்று வரை சரியாக விழுந்த பந்து இன்று தவறும், ஓட்டம் தள்ளாடும். முழங்கால் சில்லுக்குக் கீழே வலி வருவதும் இந்த வயதில் சகஜம், எலும்பின் வளரும் பகுதியைத் தசைநாண் இழுப்பதால் வருவது அது. மருத்துவரிடம் காட்டிச் சுமையைக் குறைத்தால் பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது போய்விடும். பெற்றோரும் கோச்சும் இந்த மாதங்களில் "முன்ன மாதிரி நீ உழைக்கிறதில்ல" என்று திட்டாமல் இருந்தாலே பாதி உதவி.

ஒரு நோட்டுப் புத்தகம்

கையில் செய்யக்கூடிய காரியம் என்று ஒன்றைத்தான் நான் வற்புறுத்துவேன்: எழுதி வையுங்கள். தினம் மூன்றே வரி. என்ன செய்தேன், எவ்வளவு கடினமாக இருந்தது, எத்தனை மணி நேரம் தூங்கினேன்.

முன்னேற்றம் நாள் கணக்கில் கண்ணுக்குத் தெரியாது. நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டால் தூக்கம், வெயில், மனநிலை, பரீட்சைக் கவலை எல்லாம் சேர்ந்து டைமிங்கை மேலும் கீழும் ஆட்டும். மூன்று மாதத்துக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால்தான் உண்மை புலப்படும். அன்று ஆறு சுற்று ஓடியதும் படுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கும். இன்று அதே ஆறு சுற்று வார்ம்-அப் மாதிரி போயிருக்கும். டைமிங் அசையாத நாட்களிலும் இப்படி வேறு ஏதாவது ஒன்று நகர்ந்துகொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க நோட்டு வேண்டும்.

நோட்டு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். திடீரென்று போன வாரத்தைவிட இரண்டு மடங்கு செய்திருந்தால், அடுத்த பக்கங்களில் வலி என்ற சொல் வர ஆரம்பிக்கும். வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் கூட்டுவது, வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, ஒரு வாரத்துப் பயிற்சி மணி நேரம் உங்கள் வயதின் எண்ணைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. 14 வயது என்றால் வாரம் 14 மணி நேரத்துக்குள். இளம் வீரர்களுக்கு விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவுகோல் இது.

எப்போது நிறுத்துவது?

விடாமுயற்சியைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை.

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை முழுக்கப் பரவலாக வலித்து, மெல்ல அடங்குவது சாதாரணம். ஒரே புள்ளியில் குத்துவது, ஓட ஓடக் கூடுவது, ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது, மூட்டு வீங்குவது இதெல்லாம் வேறு. அதைப் பல்லைக் கடித்துத் தாங்கினால் இரண்டு வாரத்தில் ஆறியிருக்க வேண்டியது ஆறு மாதமாகும். அன்றே கோச்சிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். அணியில் இடம் போய்விடுமோ என்று மறைப்பவர்கள்தான் அதிகம். பிள்ளை பயப்படாமல் வந்து சொல்லும்படி வைத்துக்கொள்வது பெரியவர்களின் பொறுப்பு.

பிரிவை மாற்றுவதும் தோல்விக் கணக்கில் வராது. கென்யாவின் ஓட்ட வீரர் எலியட் கிப்சோகே 2003இல், 18 வயதில், 5000 மீட்டரில் உலக சாம்பியன். 2012இல் லண்டன் ஒலிம்பிக்குக்குத் தன் நாட்டு அணியிலேயே இடம் கிடைக்கவில்லை. மறு வருடம் மாரத்தானுக்கு மாறினார். 2016 ரியோவிலும் அடுத்து டோக்கியோவிலும் மாரத்தான் தங்கம், 2018இலும் 2022இலும் உலக சாதனை. ஓட்டத்தை விடவில்லை, தூரத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்.

நீரஜுக்கும் இப்படி நிற்க வேண்டிய காலம் வந்தது. 2016இல் உலக சாதனை எறிந்த நாளுக்குள் ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் கெடு சில நாட்களுக்கு முன்பே முடிந்துபோயிருந்தது, அதனால் போக முடியவில்லை. 2019இல் எறியும் கையின் முழங்கையில் அறுவை சிகிச்சை, மாதக் கணக்கில் போட்டியே இல்லை. 2020 ஜனவரியில் திரும்பி வந்து 87.86 எறிந்து டோக்கியோவுக்குத் தகுதி பெற்றார். உடனே கொரோனா வந்து ஒலிம்பிக் ஒரு வருடம் தள்ளிப்போனது. 2021 ஆகஸ்ட் 7 அன்று அவருக்குத் தங்கம் வாங்கித் தந்த எறிதல் 87.58 மீட்டர். 18 வயதில் எறிந்ததைவிட 1 மீட்டர் 10 சென்டிமீட்டர் அதிகம். நடுவில் ஐந்து ஆண்டுகள்.